ஒப்புக்குச் சப்பாணி

தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு சின்னவன் வந்து, "என்னையும் சேத்துக்குங்க" என்று நிற்பான். சேர்க்காவிட்டால் அழுவான், அழுதால் அவன் அம்மா வெளியே வருவாள். கூட்டத்தில் மூத்தவன் யோசித்து ஒரு தீர்ப்புச் சொல்வான்: "சரிடா, நீ ஒப்புக்குச் சப்பாணி." அன்று மாலை முழுவதும் அந்தச் சின்னவன் ஓடுவான், ஒளிவான், எல்லோரையும்விட உரக்கக் கத்துவான். பிடிபட்டாலும் அவன் அவுட் கிடையாது. அவன் யாரைப் பிடித்தாலும் அதுவும் செல்லாது. ஆட்டத்துக்குள் நின்றபடியே ஆட்டத்துக்கு வெளியே இருப்பவன் அவன்.

சில ஊர்களில் இது 'உப்புக்குச் சப்பாணி' என்று திரிந்து வழங்குகிறது. சப்பாணி என்றால் கால் நடக்க வராதவன். கணக்கில் சேராத ஆட்டக்காரனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது, நம் பேச்சு தேடிப்போய் எடுத்துக்கொண்டது கால் முடியாதவனை. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயராக இருக்காது. யோசிக்காமல் வாயில் வரும் சொல்லில்தான் ஓர் ஊரின் மனசு தெரியும். உடல் குறைந்தவனை விரட்டாதே, பக்கத்தில் வைத்துக்கொள், ஆனால் கணக்கில் எடுக்காதே என்பதுதான் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் நீதி.

விரட்டுவது கொடுமை என்று நமக்குத் தெரியும். கணக்கில் எடுக்காமல் அன்பு காட்டுவது என்ன என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

நான் படித்த பள்ளியில் மாலை நேரத்தில் பூப்பந்து ஆடுவோம். பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிய ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். அவனையும் சேர்த்துக்கொண்டோம். அவன் பக்கம் பந்து போகும்போது மெல்லத் தட்டுவோம். அவன் அடித்தது கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் உள்ளே என்போம். ஒருநாள் அவன் அடித்த பந்து வலையில் நேராக மோதி விழுந்தது. "பரவால்லடா, பாயின்ட் உனக்குத்தான்" என்று எவனோ சொன்னான். அவன் எங்களை ஒருமுறை பார்த்தான். மட்டையைத் தரையில் வைத்துவிட்டு நடந்துபோனான். பிறகு வரவே இல்லை. இவ்வளவு நல்லபடியாக நடத்தியும் கோபித்துக்கொண்டானே என்று எங்களுக்கு அவன்மேல் வருத்தம்கூட இருந்தது. அன்று நாங்கள் அவனிடமிருந்து எதைப் பறித்தோம் என்று விளங்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

2024 செப்டம்பர் 1. பாரிஸ் பாராலிம்பிக்கில் பெண்கள் ஒற்றையர் இறகுப்பந்து, கை பாதிக்கப்பட்டோருக்கான எஸ்யூ5 பிரிவின் அரையிறுதி. வலையின் ஒரு பக்கம் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன். மறுபக்கம் திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ். அடுத்தடுத்த மாவட்டத்துப் பெண்கள். ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 19. துளசிமதிக்குப் பிறவியிலேயே இடது கை குறைபட்டது. பின்னர் நேர்ந்த விபத்தொன்றில் அதன் அசைவு மேலும் குறைந்தது. மனிஷாவுக்கு வலது கை. பிரசவத்தின்போது குழந்தையின் தோள் இழுபட்டு, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் சேதப்படுவதுண்டு. அந்தப் பாதிப்பு அவருக்கு. துளசிமதி வலக்கையால் ஆடுகிறார், மனிஷா இடக்கையால்.

மட்டை பிடிக்காத கைக்கு இறகுப்பந்தில் என்ன வேலை என்று தோன்றலாம். வேலை நிறைய உண்டு. சர்வீஸ் போடும்போது பந்தை இறகில் பிடித்து நிறுத்துவது அந்தக் கை. தலைக்கு மேல் வரும் பந்தை அடிக்க உடல் வில்லாக வளையும்போது, எதிர்ப்பக்கம் உயர்ந்து தராசுத் தட்டுப்போல் சமன் செய்வதும் அதுதான். எட்டிப் பாய்ந்து அடித்தபின் விழாமல் நிற்கவும், அடுத்த நொடி மையத்துக்குத் திரும்பவும் அதன் வீச்சு வேண்டும். பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான். அதைத் துரத்தும் உடல் எல்லா உறுப்பையும் கேட்கிறது. அந்த ஒரு கை ஒத்துழைக்காதபோது, அதன் வேலையை இடுப்பும் காலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான மணி நேரம் பழக்கினால்தான் உடல் இதற்கு இசையும்.

அந்த அரையிறுதியின் முதல் செட் 21இல் முடியவில்லை. இரண்டு புள்ளி வித்தியாசம் வரவேண்டும் என்பது விதி. 23-21 வரை இழுத்தது. இரண்டாவது 21-17. துளசிமதி வென்றார், மனிஷா தோற்றார். மறுநாள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மனிஷா டென்மார்க்கின் கேத்ரின் ரோசன்கிரெனை 21-12, 21-8 என்று வென்றார். இறுதியாட்டத்தில் துளசிமதி சீனாவின் யாங் சியூஷியாவிடம் தோற்று வெள்ளி பெற்றார். இறகுப்பந்தில் இந்தியப் பெண்கள் பாராலிம்பிக் பதக்கம் பெற்றது அதுவே முதல்முறை. அதே நாளில் ஓசூரின் நித்ய ஸ்ரீ சிவன், உயரம் குறைந்தோருக்கான எஸ்எச்6 பிரிவில் வெண்கலம் வென்றார். பாரிஸில் இறகுப்பந்தில் இந்தியா பெற்ற ஐந்து பதக்கங்களில் மூன்று தமிழ்நாட்டுப் பெண்களுடையவை.

பதக்கங்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். என் மனம் நிற்பது அந்த அரையிறுதியில். அங்கே ஒருவர் தோற்றே ஆகவேண்டியிருந்தது. இருவரும் நம் பிள்ளைகள், இருவருக்கும் கை முடியாது, இருவருமே ஜெயிக்கட்டும் என்று இளகிய மனசுக்குத் தோன்றும். ஆட்டம் அப்படி இளகவில்லை. இளகியிருந்தால் மனிஷாவின் தோல்வியோடு துளசிமதியின் வெற்றியும் பொய்யாகியிருக்கும். தோற்க முடியாத இடத்தில் வெல்லவும் முடியாது. எங்கள் பள்ளித் தோழனிடமிருந்து நாங்கள் பறித்தது இதைத்தான். அவனைத் தோற்கவிடவில்லை, அதனால் அவன் வென்ற ஒரு புள்ளியையும் அவனால் நம்ப முடியவில்லை.

எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வதுதான் நியாயமா என்றால், அதுவும் இல்லை. அது கண்ணை மூடிக்கொள்ளும் நியாயம். பாரா பேட்மிண்டன் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் வாழ்க்கைக்கும் பொருந்தும். அதில் ஆறு பிரிவுகள். சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கு இரண்டு, கால் பாதிக்கப்பட்டு நின்று ஆடுவோருக்கு இரண்டு, கை பாதிக்கப்பட்டோருக்கு ஒன்று, உயரம் குறைந்தோருக்கு ஒன்று. சக்கர நாற்காலிக்காரர்களும், காலில் கூடுதல் பாதிப்புள்ள எஸ்எல்3 பிரிவினரும் ஒற்றையரில் பாதிக் களத்தில் ஆடுகிறார்கள். எஸ்யூ5 பிரிவுக்கு முழுக் களம். வலையின் உயரம் யாருக்காகவும் இறங்குவதில்லை.

யார் எந்தப் பிரிவு என்பதைத் தகுதி பெற்ற மதிப்பீட்டாளர்கள் உடலைச் சோதித்தும், ஆடும்போது கவனித்தும் முடிவு செய்கிறார்கள். குறை போதாது என்று திருப்பி அனுப்பப்படுவோரும் உண்டு. முதலில் வேறுபாட்டை மழுப்பாமல் அளக்கிறார்கள். அளந்தபடி களத்தை அமைக்கிறார்கள். அமைத்தபின் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுப்பதில்லை. நாம் வாழ்க்கையில் செய்வது பெரும்பாலும் இதைத் தலைகீழாக. அளப்பதைக் கூச்சம் என்று தவிர்க்கிறோம். களத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். கடைசியில் புள்ளியைத் தானமாகத் தருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் யாங்கோன் போயிருந்தேன். நம் தாத்தாக்களின் ரங்கூன். நடுநகரத்தின் குறுக்குத் தெருக்கள் பலவற்றுக்குப் பெயருக்குப் பதில் எண். வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு தெருமுனையில் லுங்கியை வரிந்து கட்டிக்கொண்டு ஆறு பேர் வட்டமாக நின்று சின்லோன் ஆடினார்கள். பிரம்பில் பின்னிய பந்து. கையால் தொடக்கூடாது; காலாலும் முழங்காலாலும் தட்டித்தட்டித் தரையில் விழாமல் காக்க வேண்டும். மரபான சின்லோனில் எதிரணி கிடையாது, புள்ளி கிடையாது, வென்றவர் தோற்றவர் கிடையாது. பந்து விழுந்தால் ஆறு பேருக்கும் சேர்ந்தே விழுகிறது. சிரித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள்.

தோல்வியே இல்லாத அந்த ஆட்டம் அழகாகத்தான் இருந்தது. அதன் நேர்மையும் எனக்குப் பிடித்தது. ஒருவருக்கும் தோல்வி இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டுதான் வட்டத்தில் நிற்கிறார்கள். ஒருவனுக்கு மட்டும் தோல்வி இல்லை என்று மற்றவர்கள் கண்ஜாடையில் முடிவு செய்வது வேறு. குடும்பம் சின்லோன்போல் இருக்கட்டும்; அங்கே யாரும் யாரையும் வெல்ல வேண்டியதில்லை. பள்ளி, தேர்வு, வேலை, அரசியல் என்று எங்கெல்லாம் புள்ளி எண்ணுகிறோமோ, அங்கெல்லாம் ஒருவருக்கு மட்டும் எண்ணாமல் விடுவது அவமதிப்பு.

எண்ணும் ஆட்டம் அந்த நாட்டிலும் அடுத்தடுத்து அரங்கேறியது. 2013 டிசம்பரில் மியான்மர் நடத்திய தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் சின்லோனுக்கும் புள்ளி போட்டுப் பதக்கம் கொடுத்தார்கள். அடுத்த மாதமே, 2014 ஜனவரி 14 முதல் 20 வரை, நேபிடோவில் ஆசியான் பாரா விளையாட்டுப் போட்டி நடந்தது. அந்த நாடு அதை ஏற்று நடத்தியது அதுவே முதல்முறை. அதே ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 23 லட்சம் பேருக்கு, அதாவது நூற்றுக்கு 4.6 பேருக்கு, ஏதோ ஒரு வகைக் குறைபாடு இருப்பதாகக் கணக்கு வந்தது. 2015இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தது.

இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, நூற்றுக்கு 2.21 பேர். பர்மியரைவிட நாம் இரு மடங்கு திடமானவர்களா? கேள்வியைக் கேட்ட விதம் வேறு. அங்கே பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்கச் சிரமம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இங்கே ஊனம் உண்டா என்று கேட்டார்கள். எந்த அம்மா தன் பெண்ணைப் பற்றி வந்த ஆளிடம் உண்டு என்று சொல்வாள்? நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் பேச வேண்டாமா? ஒப்புக்குச் சப்பாணிக்கு நம் தெருவில் மட்டுமில்லை, தேசத்தின் பேரேட்டிலும் இடமுண்டு. அவன் இருக்கிறான், எண்ணிக்கையில் இல்லை.

யாங்கோனின் நடைபாதைகளில் சாக்கடை மூடிய பலகைக் கற்கள் பல இடங்களில் பெயர்ந்து கிடந்தன. திடகாத்திரமானவனே குனிந்து பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. சக்கர நாற்காலி அங்கே நாலு அடி நகராது. நம் ஊர் நடைபாதையை நினைத்துக்கொண்டேன். குறை சொல்ல வாய் வரவில்லை. 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது அந்த நாட்டிலிருந்து நம்மவர்கள் லட்சக்கணக்கில் மலையும் காடும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தார்கள். பசியிலும் நோயிலும் பல்லாயிரம் பேர் வழியில் விழுந்தார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்களுக்குக் கால்தான் கதி. கால் முடியாதவர்களுக்கு அதுவும் இல்லை. அது போர்க்காலம், யாரும் யாருக்கும் பாதை போட்டுத்தர முடியாத காலம். அமைதிக் காலத்திலும் நாம் கட்டும் பாதை கால் உள்ளவனுக்கு மட்டுமே என்றால், அதற்கு என்ன சாக்கு இருக்கிறது?

ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஒன்று சொல்கிறார். பொறி இல்லாமை யாருக்கும் பழியாகாது. அறிய வேண்டியதை அறிந்து முயலாமல் இருப்பதே பழி. பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி என்று பொருள் கொண்டார். உடலின் உறுப்பு என்று கொள்வோரும் உண்டு. இரண்டாவது பொருளில் இந்தக் குறளை மாற்றுத்திறனாளிகள் விழா மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். குறை பழியில்லை, முயலாமைதான் பழி என்று மேடையில் இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்கிறார். அந்த மேடைக்கு ஏறச் சாய்தளம் இருக்காது.

முயற்சி ஒரு தனி உடலுக்குள் மட்டும் நிகழ்வதில்லை. துளசிமதிக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் தந்தை முருகேசன். மகளுக்கு ஒரு கை வராது என்று தெரிந்தும், மூலையில் உட்கார்த்திப் பாதுகாக்காமல் களத்துக்கு அழைத்துப் போனார். நித்ய ஸ்ரீக்கு லக்னோவில் கௌரவ் கன்னாவின் பயிற்சியகம் இருந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி துளசிமதிக்குப் படிக்க இடம் தந்தது. மனிஷா 2022இல் தம் 17ஆம் வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த பாரா வீராங்கனை விருதும் பெற்றார். அவர் பெயருக்குப் பின்னாலும் பல ஆண்டுகள் களத்துக்குக் கூட்டிப்போன கைகள் இருக்கின்றன. ஆள்வினை அவர்களுடையதாகவும் சுற்றியிருந்தோருடையதாகவும் இருந்தது. அப்படியானால் அது இல்லாத இடத்தில் பழியும் சுற்றியிருப்போரைச் சேர வேண்டும்.

வென்று வந்ததும் தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடியும் மனிஷாவுக்கும் நித்ய ஸ்ரீக்கும் ஒவ்வொரு கோடியும் வழங்கியது. மூவருக்கும் அர்ஜுனா விருது கிடைத்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் வென்றவரைத் தெய்வப் பிறவி என்று தலைமேல் தூக்கிவைப்பதில் ஒரு தப்பித்தல் இருக்கிறது. தெய்வத்துக்கு நடைபாதை தேவைப்படாது. இரக்கம் அவர்களைக் கீழே வைக்கிறது, வியப்பு மேலே வைக்கிறது. பக்கத்தில் நிற்கவைக்க இரண்டும் மறந்துவிடுகின்றன.

பக்கத்தில் நிற்பவருக்குப் பொறுப்பும் உண்டு. டோக்கியோவில் இந்த ஆட்டம் முதன்முதலாகப் பாராலிம்பிக்கில் இடம்பெற்றபோது எஸ்எல்3 பிரிவில் தங்கம் வென்றவர் ஒடிசாவின் பிரமோத் பகத். குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கிய இடது காலோடு உலகை வென்றவர். ஊக்கமருந்துச் சோதனைக்காக வீரர்கள் தாம் இருக்கும் இடத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை அவர் அதில் தவறியதால் 2024இல் 18 மாதத் தடை விழுந்தது. பாரிஸுக்குப் போக முடியவில்லை. அவர் மருந்து உட்கொண்டதாக யாரும் சொல்லவில்லை. விதியில் தவறினார், அவ்வளவே. கால் முடியாதவர், நாட்டுக்குப் பெருமை தேடித்தந்தவர், போகட்டும் என்று விதி சொல்லவில்லை. செய்தி கேட்டபோது வலித்தது. யோசித்தபோது, அவரை முழு ஆட்டக்காரராக நடத்தியதன் அடையாளம் அது என்றும் பட்டது. ஒப்புக்குச் சப்பாணிக்குத் தடை விதிக்க யாரும் மெனக்கெடமாட்டார்கள்.

நம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இதைக் கொண்டுவந்து பார்க்கலாம். காது கேளாத அண்ணனிடம் சொத்து விஷயத்தை யாராவது சைகையில் விளக்குகிறார்களா, அல்லது காட்டிய இடத்தில் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்களா? மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டில் வந்தவருக்கு உண்மையான வேலை இருக்கிறதா, அல்லது ஒரு நாற்காலியும் மாதச் சம்பளமும் மட்டுமா? அவர் செய்த வேலையில் பிழை இருந்தால் மற்றவரிடம் சொல்வதுபோல் சொல்கிறோமா, அல்லது "பாவம், விடுங்க சார்" என்று நாமே திருத்தி வைக்கிறோமா? பார்வையற்ற பெண் பிள்ளை கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கினால், அவளுக்கேற்ற புத்தகம் கிடைத்ததா என்று முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் இன்னும் படி என்று கண்டிக்கிறோமா?

இந்தக் கேள்விகளின் வரிசை முக்கியம். களத்தைச் சரிசெய்யாமல் கண்டிப்பது கொடுமை. சரிசெய்த பிறகும் கண்டிக்காமல் விடுவது அலட்சியம். முதல் கடமை செலவு கேட்கும், இரண்டாவது துணிவு கேட்கும். 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லுக்கு வந்துவிட்டோம், நல்லது. பெயரை மாற்றியவர்கள் கணக்கையும் மாற்ற வேண்டும்.

யாங் சியூஷியாவுக்கும் துளசிமதிக்கும் பாரிஸ் முதல் சந்திப்பு அல்ல. 2023 அக்டோபரில் ஹாங்சோவில், சீன மண்ணில், ஆசிய பாரா விளையாட்டின் இறுதியாட்டத்தில் துளசிமதி அவரை 21-19, 21-19 என்று வென்று தங்கம் எடுத்திருந்தார். யாங் டோக்கியோவின் பாராலிம்பிக் சாம்பியன். தோற்றவர் அதன்பின் தயாராகி வந்தார். பாரிஸில் 21-17, 21-10. எதிரில் நிற்பவருக்கு ஒரு கை வராது என்பது யாங்குக்குத் தெரியும். அவரும் அதே பிரிவுக்காரர்தான். அவர் எதையும் மெல்லத் தட்டவில்லை. வெளியே விழுந்ததை உள்ளே என்று சொல்லவில்லை.

இரண்டாவது செட்டில் துளசிமதிக்குக் கிடைத்தது பத்தே புள்ளி. எங்கள் பள்ளி மைதானத்தில் அந்தப் பையனுக்கு ஒரு மாலையில் அதைவிட அதிகமாக நாங்கள் அள்ளிக்கொடுத்ததுண்டு. துளசிமதியின் பத்தில் ஒன்றுகூட யாரும் கொடுத்ததில்லை.